முதலில் பிரேக், பிறகு வேகம்



குதிரை வாங்குகிறவர் கடிவாளம் வாங்க மறப்பாரா? மறக்கமாட்டார். ஆனால் காரில் இன்னும் நூறு குதிரைகளைப் பூட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் கடிவாளத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றியது இக்கட்டுரை. அவர்கள் இருப்பது அமெரிக்காவில். அவர்கள் கையில் இருப்பது ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையான கார். அதைத் தம் வீட்டு ஷெட்டிலேயே பிரித்து, துடைத்து, பூட்டி, மேம்படுத்தி ஓட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் எதை முதலில் மேம்படுத்துவது என்பதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு இருக்கிறது. அந்த வழக்குக்குச் சாட்சி உங்கள் பள்ளி இயற்பியல் புத்தகமே!

பயில்வான் கார்

அமெரிக்கர்கள் ஒருவகைக் காரை ‘மசில் கார்’ என்பார்கள். மசில் என்றால் தசை. பயில்வான் கார் என்று நாம் வைத்துக்கொள்வோம். அதைச் செய்யும் முறை எளிது. நடுத்தரக் குடும்பக் காரின் உடலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனுள் மிகப் பெரிய காருக்கு உரிய எஞ்சினைப் பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. என்னும் கார் இதற்கு வழிகாட்டி. பாண்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது அந்நிறுவனத்தின் அன்றைய விதி. ஜான் டிலோரியன் முதலிய பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 389 கன அங்குல எஞ்சினை ‘விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் பொருள்’ என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். விதியும் பிழைத்தது, காரும் பிறந்தது! 389 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 6.4 லிட்டர். நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் ஒன்றரை லிட்டர் எஞ்சினைப்போல் இது நான்கு மடங்குக்கும் மேல்.

அதன் திறன் 325 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. இங்கே சற்று எச்சரிக்கை வேண்டும். 1971 வரை அமெரிக்காவில் எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து, அதன் ஆற்றலைத் தின்னும் துணைக்கருவிகள் பலவற்றை நீக்கி அளந்த எண்ணையே விளம்பரத்தில் போடுவது வழக்கம். 1972 மாடல் முதல், அவற்றையும் பூட்டி அளந்த எண் வழக்கத்துக்கு வந்தது. உடனே காகிதத்தில் பல எஞ்சின்களின் குதிரைகள் குறைந்தன. எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பயில்வான் கார்களின் பொற்காலம் சுமார் பத்தாண்டுகளே. 1970இல் தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆனால் அப்போது செய்த கார்கள் பல இன்றும் வீட்டு ஷெட்டுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கான புதிய உதிரிப் பாகங்களும் இன்றுவரை தயாராகின்றன.

பிரேக்கும் ஓர் எஞ்சினே

அந்த 1964ஆம் ஆண்டு ஜி.டி.ஓ. காரில் என்ன பிரேக் இருந்தது தெரியுமா? நான்கு சக்கரங்களிலும் 9½ அங்குல விட்டமுள்ள டிரம் பிரேக். குடும்பக் காருக்கு உரிய அதே அளவு! முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், 1967 மாடலில்தான், அதுவும் கூடுதல் பணம் கொடுப்பவர்களுக்குக் கிடைத்தது. பயில்வானின் தோளைப் பெருக்கினார்கள். முழங்காலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? காரின் நிறை 1,600 கிலோகிராம் என்க. வேகம் மணிக்கு 100 கி.மீ.; அதாவது நொடிக்கு சுமார் 27.8 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. விடை சுமார் 6,17,000 ஜூல். வேகம் 50 கி.மீ. ஆனால் இதில் பாதியா? இல்லை, கால் பங்கு. 140 கி.மீ. ஆனால்? ஏறத்தாழ இரண்டு மடங்கு! வேகம் நாற்பது சதவீதம் கூடியதற்கு ஆற்றல் இரட்டிக்கிறது. வர்க்கம் என்னும் சிறு சொல் செய்யும் வேலை இது.

இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நல்ல காய்ந்த சாலையில் டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்கச் சுமார் 4 நொடி ஆகும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் கணத்தில் அது விழுங்கும் திறனைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 3,05,000 வாட் வருகிறது. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள்: 400 குதிரைத்திறனுக்கும் மேல்! எஞ்சினைவிடப் பிரேக் பெரிய இயந்திரம் என்பதை உணர்ந்தீர்களா? ஆனால் கடைக்குப் போகும் இளைஞர் முதலில் கேட்பது என்ன? பெரிய கார்புரேட்டர், புதிய கேம் ஷாஃப்ட், அதிரும் சைலன்சர்! இந்த வரிசையைத்தான் நான் தவறு என்கிறேன்.

டிரம் ஏன் தோற்கிறது?

டிரம் பிரேக் ஒருமுறை நிறுத்துவதில் மோசம் இல்லை. முதல்முறை மிதித்தால் அதுவும் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துவிடும். அப்போது கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயர்தான். ஆகவே நல்ல டயரே முதற்செலவு. பார்ப்பதற்குப் பூ மாறாமல் இருந்தாலும், நெடுங்காலம் நின்ற டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும்.

டிரம்மின் குறை இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது முறையில் தெரியும். நான்கு டிரம்களின் இரும்பும் சேர்ந்து 40 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஒரு நிறுத்தத்தின் வெப்பம் அதைச் சுமார் 33 டிகிரி சூடாக்கும். மலைச்சாலையில் இறங்கும்போது, ஆறுவதற்குள் பத்துமுறை நிறுத்தினால் 300 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான இரும்பு விரிவடையும் அல்லவா? 9½ அங்குல டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் 0.8 மி.மீ. கூடும். உள்ளிருந்து தள்ளும் ஷூவை விட்டு டிரம் விலகிப் போகிறது! மிதி கீழே கீழே போகும். லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறையும். ஓட்டுபவர் பலமாக மிதித்தும் கார் நிற்காமல் வழுக்கிச் செல்லும்.

டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளிக்காற்றில் சுழல்கிறது, விரைவில் ஆறுகிறது. சூட்டில் அது தடித்தால், கவ்வும் பட்டைகளை நோக்கியே தடிக்கும், விலகாது. மழைநீரையும் சுழன்று உதறிவிடும். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னே சாய்வதால், வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே. எனவே முன்பக்கம் மட்டும் டிஸ்க் போட்டாலும் பெரும்பயன் உண்டு.

ஒரு குழாயை நம்பிய நான்கு சக்கரங்கள்

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருக்கிறீர்கள். பிரேக்கின் உயிர் அதுவே. அன்றைய கார்கள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் போதும், நான்கு பிரேக்குகளும் ஒரே நேரத்தில் போய்விடும்.

1965இல் ரால்ஃப் நேடர், பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளிய கார் நிறுவனங்களைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுதினார். 1966இல் மட்டும் அமெரிக்கச் சாலைகளில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வாண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1968 முதல் புதிய கார்களுக்குப் பிரேக் விதிகள் அமலாயின. இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் பொதுவாயிற்று. ஒரு வழி உடைந்தாலும் மறுவழி இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். ஆனால் 1964ஆம் ஆண்டுக் காருக்குச் சட்டம் தானாக வந்து பாகம் மாற்றித் தராது. அதை உரிமையாளர்தான் செய்ய வேண்டும்.

செய்யும்போது அறிவு வேண்டும். டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் நிற்க வேண்டும் என்று அக்காலத்தில் ஒரு சிறு வால்வு வைத்திருந்தார்கள். அதை நீக்காமல் டிஸ்க் பிரேக்கைப் பூட்டினால், பட்டை தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கு அதிக அழுத்தமும் தேவை. பின்சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டிவிடாமல், அவற்றுக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் தேவை. ஒரு பாகத்தை மாற்றினால் அதன் சுற்றத்தார் அனைவரையும் விசாரிக்க வேண்டும். இயந்திரம் என்பது தனிப் பொருள்களின் குவியல் அன்று, ஒரு குடும்பம்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். ‘டாட் 3’ என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதி பஞ்சுபோல் இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் தூங்கும் காருக்கு இதுவே மறைந்திருக்கும் அபாயம். இதை மாற்ற ஆகும் செலவோ மிகக் குறைவு.

“பழமை கெட்டுவிடாதா?”

நான் இப்படிச் சொன்னால் ஒரு சாரார் கோபித்துக்கொள்வார்கள். “பழைய காரின் அழகே அதன் பழமை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருப்பதுதான் வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை” என்பது அவர்கள் வாதம். இதை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். மிகச் சிலவே மிஞ்சியுள்ள ஒரு காரைத் துளைபோட்டு, வெட்டி, ஒட்டி மாற்றுவது ஓலைச்சுவடியில் பேனாவால் திருத்தம் எழுதுவது போன்றது. அத்தகைய கார் காட்சிச்சாலையில் நிற்கட்டும்.

ஆனால் பிறர் நடக்கும் சாலையில் ஓடும் காருக்கு வேறு நியாயம் உண்டு. அந்தப் பழமை விரும்பிகளையே ஒன்று கேட்கிறேன். 1964இல் இந்தக் கார் குடித்தது ஈயம் கலந்த பெட்ரோல். எஞ்சினில் ‘தட்டும்’ ஒலியை அடக்க ஈயச் சேர்மம் உதவும் என்று 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். அந்த ஈயம் புகையில் வெளிவந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. 1996இல் அமெரிக்கா சாலை வாகனங்களுக்கு அதை முற்றிலும் தடை செய்தது. 2021இல் அல்ஜீரியா நிறுத்தியதோடு உலகெங்கும் கார்களுக்கு அது முடிவுக்கு வந்தது. ஈயப் படிவு வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது. எனவே இன்று எஞ்சினைப் பிரிப்பவர்கள் அங்கே கடினமான எஃகு வளையம் பொருத்துகிறார்கள். ‘பழமை கெட்டது’ என்று யாரும் அழவில்லையே! ஈயத்தை விட்டுக்கொடுத்தவர்கள் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரையும் விட்டுக்கொடுக்கலாம்.

இரண்டு தரப்புக்கும் பொருந்தும் வழி உண்டு. மாற்றுங்கள், ஆனால் திரும்ப மாற்றக் கூடியபடி மாற்றுங்கள். உடலில் புதிய துளை வேண்டாம். கழற்றிய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டு எழுதிப் பெட்டியில் வையுங்கள். என்று, எதை, ஏன் மாற்றினோம் என்று நோட்டில் குறியுங்கள். சோதனைக்கூடக் குறிப்பேட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நொடிக்கு நானூறு தீப்பொறி

பிரேக்குக்கு அடுத்து என் பட்டியலில் வருவது தீப்பொறி. எட்டு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு தீப்பொறி கேட்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 24,000 தீப்பொறி, நொடிக்கு 400! பழைய முறையில், ‘பாயின்ட்’ எனப்படும் ஒரு சிறு உலோகத் தொடுகை ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடும். அது தேயும், கருகும், இடைவெளி மாறும், தீப்பொறி நேரமும் நழுவும். இதற்குப் பதிலாகத் தொடாமலே உணரும் மின்னணுக் கருவி 1970களில் கார்களில் பரவியது. இன்று அதைப் பழைய டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள்ளேயே பொருத்திவிடலாம். வெளியே தெரியாது. தேய்மானம் இல்லை, பெட்ரோல் வீணாவதும் குறையும்.

ஆனாலும் பாயின்ட்டைக் கையால் ஒருமுறை சரிசெய்து பார்த்துவிட்டு மாற்றுவதே நல்லது என்பேன். முதல் சிலிண்டரின் தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் ஒரு விளக்கைச் சுழலும் சக்கரத்தின்மீது பிடித்தால், அதிலுள்ள குறி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்! டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே திருப்பினால் குறி நகரும். ஓடும் எஞ்சினை நிறுத்தாமலே அதன் நேரத்தைப் படிக்கும் அந்த அனுபவம் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைந்ததன்று.

இப்போது குதிரைகளைக் கூட்டலாம்

டயர், பிரேக், தீப்பொறி மூன்றும் முடிந்ததா? இனி ஆற்றலைக் கூட்டுவதில் எனக்குத் தடை இல்லை. அப்போதும் கணக்கு முன்னே செல்ல வேண்டும். 6.4 லிட்டர் எஞ்சின் 5,500 சுற்றில் நிமிடத்துக்கு அதிகம் போனால் 17,600 லிட்டர் காற்று இழுக்கும். அதற்கு மேல் கொடுக்கும் கார்புரேட்டர் என்ன செய்யும்? அதன் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் போனால்தான் அழுத்தம் குறைந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். கழுத்து அகன்றால் காற்று மெதுவாகும். தாழ்ந்த சுற்றுகளில் எஞ்சின் திணறும். பெரியதே சிறந்தது என்ற எண்ணத்தை இயற்கை ஏற்பதில்லை. மேலும், கூட்டிய முறுக்குவிசை கிளட்ச், கியர், பின் அச்சு என்று வரிசையாகப் போய், எங்கே பலவீனமோ அங்கே முறிக்கும்.

கூட்டிய வேகத்தைச் சோதிக்கும் இடம் பொதுச்சாலை அன்று. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியபோது, தெருப்பந்தயத்தில் இறங்கிய இளைஞர்களைப் பாதுகாப்பான பந்தயத்தடத்துக்குக் கொண்டுவருவதே அவர் நோக்கம். அந்த நோக்கம் இன்றும் சரியே.

ஷெட்டுக்குள்ளும் ஒழுங்கு உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் நுழையக்கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைத்தே நுழைய வேண்டும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல், நனைத்துத் துடைக்க வேண்டும். இவை பயந்தவனின் விதிகள் அல்ல, தெரிந்தவனின் விதிகள்.

பிரேக் வேகத்தின் பகையா?

“எப்போது பார்த்தாலும் நிறுத்துவதைப் பற்றியே பேசுகிறீரே, அறிவியல் முன்னேறுவது எப்படி?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். வரலாற்றைப் பாருங்கள். ரயில்கள் விரைந்தோடத் துணிந்தது எப்போது? 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்று, முழு ரயிலையும் ஓட்டுநர் ஒருவரே நிறுத்த வழி செய்த பின்பு. உயர்ந்த கட்டடங்களில் மனிதர்கள் லிஃப்டில் ஏறத் துணிந்தது எப்போது? 1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் தாமே மேடையில் நின்று, தூக்கும் கயிற்றை வெட்டச் செய்து, மேடை விழாமல் பிடித்து நிற்பதைக் காட்டிய பின்பு. நிறுத்தத் தெரிந்த பிறகே மனிதன் விரைந்தான், உயர்ந்தான்.

உங்களிடம் பயில்வான் கார் இருக்காது. சைக்கிள் இருக்கும். நாளைக் காலையில் மணியையும் விளக்கையும் பார்ப்பதற்கு முன் பிரேக் கட்டையைப் பாருங்கள். தேய்ந்து இரும்பு தெரிகிறதா? கம்பியில் துரு உண்டா? சக்கர விளிம்பில் எண்ணெய் படிந்திருக்கிறதா? முன் பிரேக் போனால் பின் பிரேக் மட்டும் உங்களை நிறுத்துமா என்று மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். பிறகு நீங்கள் காணும் ஒவ்வோர் இயந்திரத்திடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: உன்னை நிறுத்துவது எது? அது பழுதானால் வேறு வழி என்ன?

நாளை நீங்கள் பொறியாளராகி ஓர் இயந்திரத்தை வரையும்போது, இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை எழுதிவிட்டு, அதன் பிறகு எத்தனை குதிரை வேண்டுமானாலும் பூட்டுங்கள்.